14 குணஸ்தானங்கள்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

சமணம் உயிரின் வளர்ச்சியை 14 குணஸ்தானங்களாக, அதாவது ஆன்மிக நிலைகளாகச் சொல்கிறது. உயிர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஏறிப் போகும் என நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. உயிரை மயக்கத்தில் வைக்கும் மோகனீய கர்மத்தின் பிடி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்த எண்கள் காட்டுகின்றன. இரண்டாம் நிலையான சாசாதனத்துக்குக் கீழிருந்து யாரும் ஏறுவதே இல்லை. நற்காட்சியை (உண்மையின்மீது உள்ள சரியான நம்பிக்கையை) இழந்த உயிர் முதல் நிலையில் விழுவதற்கு முன் இருக்கும் சில கணங்கள் அவை. முதன்முறையாக நற்காட்சி பெறும் உயிரோ இரண்டையும் மூன்றையும் தொடாமலே மேலே போய்விடும்.

பதினொன்றாம் நிலையில் இன்னும் பெரிய குழப்பம். எண் பெரியது, அதனால் வீடுபேறு பக்கத்தில் வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். எட்டாம் நிலையிலிருந்தே வழி இரண்டு. கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய கஷாயங்களை அடக்கிக்கொண்டு ஏறுபவர் பதினொன்றை அடைவார். வேரோடு அழித்துக்கொண்டு ஏறுபவர் பத்திலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குப் போவார், பதினொன்று அவர் வழியிலேயே இல்லை. 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திரர் இயற்றிய கோம்மடசாரம் இதற்கு அருமையான உவமை தருகிறது: தேற்றாங்கொட்டை போட்டுத் தெளிந்த நீர். மேலே தெளிவு, அடியில் சேறு அப்படியே. 48 நிமிடங்களுக்குள் அந்தப் பதினொன்றாம் நிலை கலங்கியே தீரும். அங்கிருந்து முதல் நிலைவரைகூட விழ முடியும். பன்னிரண்டை எட்டியவருக்கு வீழ்ச்சியே கிடையாது.

நற்காட்சி நிலையான நான்காம் நிலைக்கு விரதம் (ஒழுக்க உறுதிமொழி) வேண்டும் என்று நினைப்பதும் சரியல்ல. மகத மன்னன் சிரேணிகனை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவீரரின் பக்தன், அசையாத நற்காட்சி உடையவன். ஆனால் ஒரு விரதமும் ஏற்கவில்லை. நற்காட்சி பெறும் முன்பே கட்டிக்கொண்ட, அடுத்த பிறவியைத் தீர்மானிக்கும் ஆயுள் கர்மத்தால் நரகம் போனான், ஆனாலும் அடுத்த காலச் சுழற்சியில் சமண நெறியைப் போதிக்கும் முதல் தீர்த்தங்கரர் அவனே என்கிறது மரபு. நற்காட்சியும் நல்லொழுக்கமும் தனித்தனியாக வரலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அதேபோல, துறவுக் கோலம் பூண்ட உடனே முனிவருக்குரிய ஆறாம் நிலை வந்துவிடாது. உள்ளே மோகம் தளராவிட்டால் கோலம் மட்டும்தான் மிச்சம். உண்மையான முனிவரும் சிறு அசட்டை உள்ள ஆறுக்கும் அது இல்லாத ஏழுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவார்.

அப்புறம், கேவல ஞானம் என்னும் முழுதறிவு கிடைப்பது பதிமூன்றாம் நிலையில். மகாவீரர் 42 வயதில் அதைப் பெற்று, 72 வயதில் பாவாபுரியில் நிர்வாணம் அடையும்வரை போதித்தார். பதினான்காம் நிலை, ஐந்து குற்றெழுத்துகளைச் சொல்லும் நேரம்தான். அதைத் தாண்டி முக்தி அடைந்த உயிரான சித்தருக்குக் குணஸ்தானமே இல்லை, எனவே பதினான்கையே முக்தி என்று எழுதக்கூடாது.

இல்லறத்தாருக்கான ஒழுக்கப் படிகளான 11 பிரதிமைகளையும் இதனோடு கலந்துவிடாதீர்கள். பதினொன்றாம் பிரதிமையில் இருப்பவரும் ஐந்தாம் குணஸ்தானத்தில்தான் இருக்கிறார்.