கேமராவால் இடத்தை அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

இரண்டு கேமராக்கள் ஒரே பொருளைப் பார்க்கின்றன. இரண்டின் பார்வைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பொருள் இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கோடுகள் சரியாக வெட்டிக்கொள்வதே இல்லை. மென்பொருள் இரண்டுக்கும் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேர்ந்தெடுத்து, தசம இடங்களோடு அச்சிட்டுவிடும். அந்தத் தசமங்களை அப்படியே நம்புவதுதான் மற்ற தவறுகள் எல்லாவற்றையும் மறைத்துவைக்கிறது.

முதலில் அளவுத்திருத்தம், அதாவது லென்ஸின் இயல்பையும் கேமராக்கள் இருக்கும் நிலையையும் கணக்கிட்டு அறிவது. சதுரங்கக் கட்டங்களை அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, பல கோணங்களில் படமெடுப்பது வழக்கம். அட்டை சற்றே வளைந்திருந்தாலும் அந்த வளைவு லென்ஸின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும். கண்ணாடி போன்ற தட்டையான பரப்பில் ஒட்டுங்கள். பலர் பலகையைப் படத்தின் நடுவிலேயே, கேமராவுக்கு நேர் எதிராகவே பிடிக்கிறார்கள். லென்ஸ் நேர்கோடுகளை வளைப்பதோ ஓரங்களில்தான் அதிகம். மேலும் பலகையைச் சாய்க்காவிட்டால், குவியத் தொலைவையும் (லென்ஸ் பொருளை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பதைத் தீர்மானிக்கும் அளவு) பலகையின் தூரத்தையும் கணக்கு பிரித்தறிய முடியாது. ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் கொண்டுபோங்கள், நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள்.

முடிவில் 'பிழை 0.2 பிக்சல்' என்று வந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். எடுத்த படங்களோடு கணக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. கட்டத்தின் பக்கம் 30 மில்லிமீட்டர் என்று கொடுத்திருக்கிறீர்கள். அச்சுப்பொறி அதை 29.7 ஆகச் சுருக்கிவிட்டது என்று வையுங்கள். பிக்சல் பிழை துளியும் மாறாது. ஆனால் நீங்கள் அளக்கும் தூரங்கள் அனைத்தும் 1 சதவீதம் கூடுதலாக வரும். அச்சிட்ட கட்டங்களை அளந்து பார்த்து, அந்த அளவைக் கொடுங்கள். பிறகு நீளம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கோலை அருகிலும் தொலைவிலும் பல திசைகளில் வைத்துச் சோதியுங்கள். திருத்தத்தில் பயன்படாத பொருளே நேர்மையான சாட்சி.

அளவுத்திருத்தம் முடிந்தபின் லென்ஸைத் தொடக் கூடாது. ஆட்டோஃபோகஸ், ஜூம், பட நடுக்கத்தைக் குறைக்கும் வசதி ஆகியவற்றை முன்பே அணைத்துவிடுங்கள்.

ஆழத்தில், அதாவது கேமராவிலிருந்து பொருளுக்குள்ள தூரத்தில், தூரம் இரட்டித்தால் பிழையும் இரட்டிக்கும் என்ற தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. அருகருகே, ஒரே திசையை நோக்கி வைத்த இரு கேமராக்களில் ஆழப் பிழை, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. கேமராக்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர், குவியத் தொலைவு 1000 பிக்சல், இரு படங்களையும் பொருத்துவதில் கால் பிக்சல் பிழை என்றால், 2 மீட்டர் தூரத்தில் ஆழம் சுமார் 1 சென்டிமீட்டர் தவறும்; 4 மீட்டரில் சுமார் 4 சென்டிமீட்டர். கூடுதல் பிக்சல் உள்ள கேமராவை வாங்கும் முன், கேமராக்களைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.

பொருள் நகர்கிறதா? அப்படியானால் நேரமும் அளவுகோலாகிவிடுகிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் பொருள், ஷட்டர் 1/100 நொடி திறந்திருக்கும்போதே 5 சென்டிமீட்டர் கடந்துவிடுகிறது. இரு கேமராக்களுக்கும் இடையே 10 மில்லிநொடி முன்பின் இருந்தாலும் அதே 5 சென்டிமீட்டர்தான், ஆனால் படத்தில் மங்கல்கூடத் தெரியாது. அதனால்தான் இந்தப் பிழை ஆபத்தானது. கேமராக்களை ஒரே மின் சைகையால் இயக்குவதே நம்பகமான வழி. படத்தை வரிவரியாகப் பதியும் உணரிகள் வேறு உண்டு. அவற்றில் மேல்வரியும் கீழ்வரியும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் வெளிச்சம் வேண்டும். அதற்காக விளக்கை மிகையாகக் கூட்டிவிடாதீர்கள். பொருளின்மேல் அடையாளமாக ஒட்டும், ஒளியைத் திருப்பி அனுப்பும் குறிகள் படத்தில் வெள்ளையாக நிரம்பி வழிந்தால், அவற்றின் மையத்தைப் பிக்சலுக்கும் நுண்ணிய அளவில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைகிறது. அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்பவர்கள் வெயிலையும் பளபளப்பான உலோகப் பரப்புகளையும் மறைக்க வேண்டும். அவையும் குறிகளைப் போலவே ஒளிரும்.

கேமரா சூடேறும்போது படம் மெல்ல நகரும், ட்ரைபாடில் கால் பட்டாலும் நகரும். அளக்கத் தொடங்கும் முன் கேமராவைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். வேலை முடிந்ததும் அதே சோதனைக் கோலை மீண்டும் அளந்து, முதல் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் இடையில் எடுத்த அளவுகளைப் பயன்படுத்த வேண்டாம்.