இல்லாத ஊரில் ஆபீஸ் போடாதீர்கள்: கூகுள் மேப்பில் ஐ.டி. சர்வீஸ் நிறுவனங்கள் செய்யும் தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கம்ப்யூட்டர் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்), நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு என்று சொந்தமாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறேன். வேலையில் கெட்டிக்காரர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் விடிவதற்குள் எழுப்பிவிடுவார்கள். ஆனால் "கூகுள்ல தேடுனா நம்ம கம்பெனி வரவே மாட்டேங்குதுங்ணா" என்று போனை நீட்டும்போது, எங்கள் தலைமுறை பத்து வருடத்துக்கு முன்னால் செய்த அதே தவறுகள் அந்த லிஸ்டிங்கில், அதாவது கூகுள் மேப்பில் கம்பெனிக்கு இருக்கும் பதிவில், அப்படியே இருக்கின்றன.

நம்பரைத் தப்பாகப் போடுவது, ஞாயிறு விடுமுறையைக் குறிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை கண்ணில் பட்டவுடன் திருத்திக்கொள்ளலாம். தவறு என்றே தெரியாமல் செய்கிறவை, தெரிய வரும்போது காசும் போய், வருடக்கணக்கில் சேர்த்த ரிவ்யூவும் போயிருக்கும் என்கிற வகைதான் எனக்குக் கவலை.

எந்த வாடிக்கையாளர் வேண்டும் என்று முடிவு செய்யாமல் வகையைத் தேர்ந்தெடுப்பது

உள்ளூர் தேடலில் யாரை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: தேடலுக்கு நீங்கள் எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்தவர். முதல் விஷயத்தில் பெரிய பங்கு லிஸ்டிங்கின் முதன்மை வகைக்கு உண்டு. ஒரு முதன்மை வகை, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் ரிப்பேர் சர்வீஸ் என்பதை முதன்மையாக வைத்துவிடுகிறார்கள். கணபதியில் ஒரு தம்பி அப்படித்தான் வைத்திருந்தார். நாள் முழுக்க போன் அடிக்கும். லேப்டாப் கீபோர்டு மாற்ற எவ்வளவு, ஸ்கிரீன் உடைந்துவிட்டது, காலேஜ் பையனுக்கு விண்டோஸ் போட வேண்டும், இப்படியேதான். அவருக்கு வேண்டியதோ நாற்பது சிஸ்டம் இருக்கும் பம்ப் கம்பெனியின் வருட ஒப்பந்தம். முதன்மை வகையைக் கம்ப்யூட்டர் சப்போர்ட் அண்ட் சர்வீசஸ் என்று மாற்றி, கம்ப்யூட்டர் கன்சல்டன்ட், கம்ப்யூட்டர் செக்யூரிட்டி சர்வீஸ் இரண்டையும் கூடுதலில் சேர்த்தார். போன் குறைந்தது. வந்த போன்கள் ஆபீஸ்களிலிருந்து வந்தன.

மாற்றிய பிறகு, எந்தச் சொற்களைத் தேடி உங்கள் லிஸ்டிங்கைப் பார்த்தார்கள் என்பதை லிஸ்டிங்கின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் நினைத்த சொல்லும் ஜனங்கள் தட்டும் சொல்லும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

பெயரோடு ஊரையும் வேலையையும் ஒட்டுவது

போர்டில் என்ன பெயரோ, ஜி.எஸ்.டி. சான்றிதழில் என்ன பெயரோ, அதுதான் பெயர். "பெஸ்ட் ஏ.எம்.சி. சர்வீஸ் இன் கோயம்புத்தூர்" என்பது பெயர் இல்லை.

இல்லாத ஊரில் முகவரி

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதைக் கேள்விப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கதை எப்போதும் ஒரே மாதிரி தொடங்கும். கோவையில் தொழில் ஓரளவு நிலைபெறுகிறது. திருப்பூரில் இரண்டு மூன்று பனியன் கம்பெனிகள் வாடிக்கையாளராகச் சேர்கின்றன. இன்னும் பிடிக்க வேண்டும் என்று ஆசை வருகிறது. திருப்பூர் அவிநாசி ரோட்டில் நின்று தேடினால் பீளமேட்டில் இருக்கும் கம்பெனி வராது, தூரம் ஒரு காரணி அல்லவா? 2021 டிசம்பரில் கூகுள் செய்த மாற்றத்துக்குப் பிறகு இந்தத் தூரத்தின் கை இன்னும் ஓங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். திருப்பூர், ஈரோடு, சேலம் மூன்று ஊரிலும் வர்ச்சுவல் ஆபீஸ் (ஆள் உட்காராமல் பெயருக்கு எடுக்கும் ஆபீஸ்) முகவரி, மூன்று லிஸ்டிங், கூகுளின் சரிபார்ப்பான வெரிஃபிகேஷன் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும்.

கூகுளின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. லிஸ்டிங்கில் காட்டும் முகவரியில் நிரந்தரமான உங்கள் போர்டு இருக்க வேண்டும். நீங்கள் குறித்திருக்கும் வேலை நேரத்தில் உங்கள் ஆட்கள் அங்கே இருக்க வேண்டும். தபால் வாங்க மட்டும் எடுத்த வர்ச்சுவல் ஆபீஸ் செல்லாது. கோ-ஒர்க்கிங் இடம் என்றால்கூட உங்கள் போர்டும், வாடிக்கையாளர் வந்தால் பேச உங்கள் ஊழியரும் அங்கே இருந்தால்தான் செல்லும்.

இப்போது பெரும்பாலும் வீடியோ வெரிஃபிகேஷன் கேட்கிறார்கள். தெரு, போர்டு, கதவைத் திறந்து உள்ளே போவது, உபகரணம் எல்லாம் வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். இதற்காக ஃபிளெக்ஸில் போர்டு அடித்து, அரை மணி நேரம் சுவரில் ஒட்டி வீடியோ எடுத்துவிட்டுக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் வெரிஃபிகேஷன் கிடைத்தும் விடும். கிடைப்பதுதான் பிரச்சினையே. கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து, அந்த முகவரியை வெப்சைட்டிலும் விசிட்டிங் கார்டிலும் போட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் நடப்பதைக் கேளுங்கள். அந்தக் கட்டடத்தில் அதே பேக்கேஜ் வாங்கிய வேறு ஐ.டி. கம்பெனிகளும் இருக்கும். ஒரே முகவரியில், ஒரே வகையில் பல லிஸ்டிங் இருந்தால் கூகுள் ஒன்றைக் காட்டி மற்றவற்றை வடிகட்டிவிடுகிறது. 2016 செப்டம்பர் மாற்றத்திலிருந்தே இந்த வடிகட்டல் கடுமையாகிவிட்டது. ஆக, வாடகை கட்டிக்கொண்டே இருப்பீர்கள், லிஸ்டிங் கண்ணில் படாது. ஒருவேளை கண்ணில் பட்டால், உண்மையிலேயே திருப்பூரில் கடை வைத்திருப்பவர் விடுவாரா? போலி லிஸ்டிங்கைப் புகார் செய்யக் கூகுளே ஒரு படிவம் வைத்திருக்கிறது. ஒருநாள் நேரில் வந்து பார்த்து, போர்டு இல்லாத சுவரைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்.

பீளமேட்டுப் பக்கம் அண்ணன் தம்பி இருவர் நடத்தும் கம்பெனிக்கு இதுதான் நடந்தது. போலி லிஸ்டிங்குகள் போனதோடு நிற்கவில்லை. அதே கணக்கில் இருந்த கோவை லிஸ்டிங்கும் சேர்ந்து சஸ்பெண்ட் ஆனது. ஆஸ்பத்திரி, ஆடிட்டர் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ரிவ்யூக்கள் எல்லாம் பார்வையிலிருந்து மறைந்தன. அதுவும் மார்ச் மாதத்தில். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரியும். வருட ஒப்பந்தம் முடிந்து, ஏப்ரலுக்குப் புதிய ஆளைத் தேடும் மாதம். அந்த வாரங்களில் தேடியவர்கள் எல்லாம் வேறு யாருக்கோ போன் செய்தார்கள். கோவை லிஸ்டிங் மேல்முறையீட்டில் திரும்பி வந்தது, ஏனென்றால் அது உண்மையான முகவரி. பேக்கேஜ் விற்றவர் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. சஸ்பெண்ட் ஆவதற்கு முன்னால், ஒரு ஏற்றுமதி கம்பெனியின் மேனேஜர் பழுதான ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே அந்தத் திருப்பூர் முகவரிக்குப் போயிருக்கிறார். ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு கம்பெனி பெயரே தெரியவில்லை. மேனேஜர் திரும்பிப் போய்விட்டார், அப்புறம் அழைக்கவே இல்லை. யோசித்துப் பாருங்கள், நாம் அந்த மனிதரிடம் கேட்கப்போவது சர்வர் அட்மின் பாஸ்வேர்டு. அவருடைய சம்பளப் பட்டியல், பையர் மெயில், வங்கி லாகின் இருக்கும் கம்ப்யூட்டர்கள், பேக்கப் எல்லாமே நம் கையில் வரும். டீக்கடைக்கு முகவரி தவறினால் ஒரு டீ வியாபாரம் போகும். முகவரியிலேயே பொய் சொன்ன ஐ.டி. கம்பெனியிடம் பாஸ்வேர்டை யார் கொடுப்பார்?

சரி, திருப்பூர் வாடிக்கையாளரைப் பிடிக்க வேறு என்ன வழி? இருக்கும் ஒரே லிஸ்டிங்கில் சர்வீஸ் ஏரியாவைச் சேருங்கள். இருபது இடங்கள் வரை சேர்க்கலாம், உங்கள் இடத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயண எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். கோவையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர், சுமார் 100 கிலோமீட்டரில் ஈரோடு, இரண்டும் அடங்கும். வீட்டிலிருந்து வேலை செய்தால், வாடிக்கையாளர் அங்கே வரப்போவதில்லை என்றால், முகவரியை மறைத்துவிட்டு சர்வீஸ் ஏரியாவை மட்டும் காட்டலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஏரியாவில் ஊரைச் சேர்த்த மாத்திரத்தில் அந்த ஊரில் முன்னே வந்துவிட மாட்டீர்கள். நீங்கள் போவீர்கள் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும், அவ்வளவுதான். முன்னே வர, அந்த ஊர் வாடிக்கையாளர்களின் ரிவ்யூவும் வெப்சைட்டில் அந்த ஊருக்கான உருப்படியான பக்கமும் வேண்டும். ஒப்பந்தங்கள் பெருகி ஒரு இன்ஜினியர் தினமும் திருப்பூரிலேயே சுற்ற வேண்டிய நிலை வந்தால், அங்கே ஒரு சின்ன அறையை எடுங்கள். போர்டு மாட்டுங்கள், அவரை அங்கே உட்கார வையுங்கள். அதற்கப்புறம் இரண்டாவது லிஸ்டிங் தாராளமாகப் போடலாம்.

ஊர் பெயரை மட்டும் மாற்றிய பக்கங்கள்

ஒரே பக்கத்தை எழுதி, கோவை இருக்கும் இடத்தில் பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை என்று மாற்றி இருபது பக்கம் ஏற்றுவது. கூகுளின் ஸ்பேம் விதிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. படிக்கிறவருக்கும் ஒரு பயன் இல்லை.

திருப்பூர் பக்கம் என்றால் திருப்பூரைப் பற்றி எழுதுங்கள். பஞ்சுத் தூசி நெட்வொர்க் ஸ்விட்ச்சின் ஃபேனை அடைத்து நெட்வொர்க் விட்டுவிட்டு வருவது, ஷிப்மென்ட் நாளன்று இ-இன்வாய்ஸ் போடும்போது இன்டர்நெட் போனால் இரண்டாவது லைனுக்கு எப்படி மாறுவது, யூனிட்டுகளுக்கு நடுவே டேலியை எப்படி இணைப்பது என்று எழுதலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால் சின்ன யூனிட்டுகளுக்கும் இது நேரடிப் பிரச்சினை. ஆடிட்டர்கள் நிறைந்த ஆர்.எஸ்.புரத்துக்கு எழுதினால், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் கட்டாயமான மாற்றப் பதிவை (ஆடிட் டிரெயில், எது எப்போது மாறியது என்ற பதிவு) பற்றியும், அதற்கான பேக்கப் பற்றியும் எழுதுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய சிஸ்டங்களை என்ன செய்வது என்று இன்னும் குழம்பும் ஆபீஸ்கள் எல்லா ஊரிலும் உண்டு. இருபது பக்கம் வேண்டாம், உண்மையில் வேலை செய்யும் மூன்று ஊருக்கு மூன்று பக்கம் போதும்.

ரிவ்யூவும் போட்டோவும் வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுப்பது

ஊழியர்களை விட்டு ரிவ்யூ எழுத வைப்பதும், ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும், திருப்தியானவர்களை மட்டும் வடிகட்டிக் கேட்பதும் விதிமீறல். இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நம் தொழிலுக்கே உரிய ஆபத்து வேறொன்று இருக்கிறது.

நல்ல ரிவ்யூ வந்த சந்தோஷத்தில், "உங்கள் சர்வரில் ரான்சம்வேர் தாக்கியபோது இரவோடு இரவாக மீட்டோம்" என்று பெயர் சொல்லிப் பதில் எழுதுகிறார்கள். ரான்சம்வேர் என்பது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். அந்தக் கம்பெனி தாக்கப்பட்ட செய்தியை ஊருக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதேபோல், வேலை முடித்த சர்வர் ரேக்கைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் லேபிளில் ஐ.பி. முகவரி, ஃபயர்வால் மாடல், சில நேரம் வைஃபை பாஸ்வேர்டு எழுதிய காகிதம்கூடத் தெரியும். பாதுகாப்பு விற்கிறவர் போடும் படமா இது? வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் எதையும் போடாதீர்கள். பதிலில் நன்றியும், பொதுவாக ஒரு வரியும் போதும்.

கேட்க வேண்டிய நேரம், பிரச்சினை தீர்ந்த அன்றைக்கு. கேட்க வேண்டிய ஆள், பெரும்பாலும் முதலாளி இல்லை, தினமும் உங்களுக்கு போன் செய்யும் அக்கவுன்ட்ஸ் அக்காவோ அட்மினோதான்.

லிஸ்டிங் யாருடைய ஜிமெயிலில்?

உங்களுடையதில். முதன்மை உரிமையாளர் நீங்கள், வெளியாள் வெறும் மேனேஜர். டொமைனை வேறொருவர் பெயரில் வாங்கிய வாடிக்கையாளரை எத்தனை தடவை எச்சரித்திருப்பீர்கள், அதே எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும். இப்போது வேறு யார் கையிலாவது இருந்தால் உரிமை கேட்டு விண்ணப்பியுங்கள். அவர் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம், அப்புறம் நீங்களே உரிமை கோர வழி கிடைக்கலாம். புதிதாக உரிமையாளராகச் சேர்ந்தவர் முதல் ஏழு நாள் முதன்மை உரிமையை மாற்றவோ மற்றவர்களை நீக்கவோ முடியாது. அதனால் சண்டை வரும் வரை காத்திருக்காதீர்கள்.

போட்டோவில் ஜியோடேக் சேவை

போட்டோவுக்குள் இடத்தின் குறியீட்டைப் பதித்துத் தருகிறோம் என்று வருவார்கள். காசு கொடுக்காதீர்கள்.

கூகுள் கொடுத்த பழைய இலவச வெப்சைட்

2024 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரி இன்னும் ஜஸ்ட்டயலிலோ கொட்டேஷனிலோ இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

சஸ்பெண்ட் ஆனவுடன் புது லிஸ்டிங் போடுவது

பதற்றத்தில் எல்லாரும் செய்வது இது. பழையதற்கு மேல் இன்னொரு சிக்கல்தான் சேரும். போலி முகவரிகள் ஏதாவது இருந்தால் முதலில் அவற்றை மூடிவிட்டதாகக் குறித்து நீக்குங்கள். கணக்கிலிருந்து மட்டும் எடுத்துவிட்டால் மேப்பில் அது அப்படியே நிற்கும். பெயரும் முகவரியும் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் மேல்முறையீடு. அந்தப் படிவத்தில் ஆதாரம் சேர்க்கும் பகுதியைத் திறந்ததிலிருந்து 60 நிமிடம்தான் கிடைக்கும். ஜி.எஸ்.டி. சான்றிதழ், கரண்ட் பில், போர்டோடு எடுத்த கடை போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் படிவத்தைத் திறங்கள்.