இரண்டு பிளைவுட் ஷீட்டில் ஒரு குட்டிப் படகு

கண்மாயிலோ ஏரியிலோ கரையோரமாகத் துடுப்பு போட்டுச் சுற்றிவர ஒரு படகு வேண்டும் என்றால் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட் இரண்டு போதும். கடலுக்கு ஆகாது. கட்டுமரத்தில் அலை ஏறினால் தண்ணீர் வழிந்துவிடும், இது பெட்டி, அப்படியே நிரம்பிக்கொள்ளும்.

முதலில் பிளைவுட். 6 மி.மீ. கனம் வாங்குங்கள். கடைக்காரர் "வாட்டர் புரூஃப்தான் சார்" என்று சொன்னாலும் ஷீட்டில் ஐ.எஸ். 710 (படகு பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக்கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்கி அடுப்பில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள், தாள் தாளாகப் பிரிந்தால் அது அலமாரிக்குத்தான் லாயக்கு. காசை மிச்சம் பிடிக்க இருக்கை, துடுப்பு, பெயின்ட் எல்லாம் இருக்கிறது. பிளைவுட்டிலும் எபாக்ஸியிலும் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) மட்டும் வேண்டாம்.

அடுத்து அறுப்பது. முதல் ஷீட்டை நீளவாக்கில் மூன்று சமப் பட்டையாக்குங்கள், ஒவ்வொன்றும் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இரண்டு பட்டை பக்கப் பலகைகள், நீளம் 88 அங்குலம். மூன்றாவதில் முன்பலகை 40க்கு 10, பின்பலகை 40க்கு 14. பக்கப் பலகையின் அடி விளிம்பு நடுவில் நேராகப் போய், முன்னால் கடைசி 30 அங்குலத்தில் மெல்ல மேலேறி முனையில் 10 அங்குல உயரம் மிஞ்ச வேண்டும். பின்னால் கடைசி 20 அங்குலத்தில் ஏறி 14. நாலைந்து ஆணி அடித்து, மெல்லிய ரீப்பரை (மரச் சட்டத்தை) அதில் சாய்த்து வளைத்துக் கோடு போடுங்கள், கண்ணுக்கு மேடுபள்ளம் தெரியாத வரைக்கும் ஆணியை நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒன்றை அறுத்து அதையே அச்சாக வைத்து மற்றதை அறுக்க வேண்டும். இரண்டாவது ஷீட் அடிப்பலகை: அகலம் 40½, நீளத்தில் கை வைக்காதீர்கள், நீட்டிக்கொண்டிருப்பதைப் பிறகு சீவிக்கொள்ளலாம்.

இப்போது தையல். விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே, 6 அங்குலத்துக்கு ஒன்றாக 3 மி.மீ. துளை போட்டு கேபிள் டையால் (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) கட்டுங்கள், முதலில் தளர்வாக. எல்லாம் கூடிய பிறகு மூலைமட்டம் பாருங்கள், இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வந்தால்தான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் படகு ஒரு பக்கமாகவே போகும். சோழமண்டலக் கரையின் மசூலா படகும் தைத்த படகுதான், ஆனால் அதில் கயிறுதான் கடைசிவரை பலகையைப் பிடித்திருக்கும். இங்கே பசை இறுகினதும் டையை வெட்டி எறிந்துவிடுவோம். 1960களில் இங்கிலாந்தில் வந்த மிரர் பாய்மரப் படகும் இந்த முறைதான், செம்புக் கம்பியால் தைத்தது. அதில் 70,000க்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.

எபாக்ஸியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு டப்பா நிறையக் கலந்தால் தானாகச் சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். நைசான மரத்தூள் சேர்த்து இட்லி மாவை விடக் கெட்டியாக்கி, உள்மூலைகளில் வைத்து, ஸ்பூனின் முதுகால் ஒரே இழுப்பில் குழிவாக இழுங்கள். டைகளுக்கு நடுவில் முதலில் வைத்து, இறுகியதும் டையை வெட்டி, மிச்ச இடத்தையும் நிரப்பி, மேலே ஃபைபர் கிளாஸ் டேப் ஒட்டி எபாக்ஸியில் நனையுங்கள். வெளிமூலையை உருட்டித் தேய்த்துவிட்டு அங்கேயும் டேப். கையுறை கட்டாயம், தேய்க்கும்போது மாஸ்க்.

மேல் விளிம்பைச் சுற்றி ரீப்பர், நடுவில் குறுக்கே ஓர் இருக்கை, அதன் அடியில் தெர்மாகோல் கட்டி. படகு கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் நன்றாக மிதக்க உதவுவது அந்தத் தெர்மாகோல்தான். எபாக்ஸி வெயிலில் கெட்டுவிடும், அதனால் மேலே எனாமல் இரண்டு கோட்.

எத்தனை பேர் ஏறலாம்? தண்ணீரில் படும் அடிப்பரப்பு சராசரியாக 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்று வைத்தால், ஒரு செ.மீ. அமிழ 18 கிலோ வேண்டும். படகு சுமார் 35 கிலோ, இரண்டு பேர் 140 கிலோ, சேர்த்து 10 செ.மீ. அமிழும். மூன்றாவது ஆளை ஏற்றாதீர்கள், இருக்கிற இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் இரண்டு ஸ்டூல் மேல் படகை வைத்து உள்ளே நாலு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே கசிகிறதோ வெளியே சாக்பீஸால் வட்டம் போட்டு, நன்றாகக் காயவிட்டு, அந்த இடத்தில் மறுபடி எபாக்ஸி.