அத்தையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர்: முதல்முறை வெளிநாடு போகிற குடும்பங்களுக்குப் படிப்படியாக

அத்தையின் அண்ணன் அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் கொண்டுவந்த கோடாலித் தைலப் புட்டிகளில் ஒன்று, காலியாகிப் பல வருஷம் ஆன பிறகும், எங்கள் சாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. "அண்ணன் நடந்த ரோட்ட ஒரு தடவ பாத்துட்டா போதும்மா" என்று அத்தை சொல்வார். "பாப்போம் அத்தை, பாப்போம்" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் கிளம்பினோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், கணவரின் அம்மாவான 68 வயது அத்தை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், ஐந்து நாள். எங்களில் யாரும் அதற்கு முன் வெளிநாடு போனதில்லை. எங்களைப் போலவே வயதானவரையும் சின்னப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப் போக நினைக்கிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: ஆளுக்கு ஓர் ஆசை, ஒரு பேப்பரில்

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்றே ஒன்று எழுத வேண்டும். எங்கள் பேப்பரில் இருந்தவை: அத்தைக்குச் சிராங்கூன் சாலை. மகளுக்கு விளக்கு எரிகிற பெரிய மரங்கள். மகனுக்கு ஒட்டகச்சிவிங்கி. கணவருக்கு ஆளில்லாமல் ஓடும் ரயில். எனக்கு, சமையல் கட்டுக்குள் போகாத ஐந்து நாள்.

இந்த ஐந்தும் நடந்தால் பயணம் நிறைவு. பயண முகவர்கள் தரும் திட்டத்தில் ஒரு நாளைக்கு நான்கு இடம், ஐந்து இடம் என்று அடுக்கியிருப்பார்கள். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்க முடியாது. மகன் மதியம் தூங்காவிட்டால் சாயங்காலம் யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டான். அந்த முழங்காலையும் அந்தத் தூக்கத்தையும் வைத்துத்தான் எங்கள் முழுத் திட்டமும் போடப்பட்டது.

படி 2: பாஸ்போர்ட்டும் நம் இனிஷியலும்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று உங்கள் பெயர், மற்றொன்று குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது; இனிஷியல்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலைப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். உதாரணத்துக்கு, ஆதாரில் "மா. கமலா" என்று இருந்தால், பெயர் கட்டத்தில் கமலா, குடும்பப் பெயர் கட்டத்தில் 'மா' என்பதன் விரிவு. கல்யாணமான பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் கணவரின் இனிஷியல். எதை வைத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லா ஆவணத்தையும் அந்தப் பெயருக்குக் கொண்டுவந்த பிறகே விண்ணப்பியுங்கள்.

குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டும் பாஸ்போர்ட் வாங்கலாம். ஆனால் விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இன்றைக்குச் சிங்கப்பூர் போகிறவர் நாளைக்குத் துபாய் வழியாக வேறெங்காவது போக வேண்டி வரலாம்.

கட்டணம்: பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். பதினெட்டு வயதுக்குக் கீழே 1,000 ரூபாய். ஐந்து வருஷம் அல்லது பதினெட்டு வயது நிறையும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைக்கும். புதிதாக எடுக்கும்போது 60 வயது கடந்தவர்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பத்து சதவீதம் குறைவு.

அத்தை ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். பத்தாவது முடிக்காதவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை (ஈ.சி.ஆர்., சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) விழும் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. "படிக்காதவங்கள அனுப்ப மாட்டாங்களாமே" என்று அவர் ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: டிக்கெட், விசா, வருகை அட்டை

டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். நான் பழக்கதோஷத்தில் அத்தையின் குடும்பப் பெயர் கட்டத்தில் வெறும் ஓரெழுத்து இனிஷியலைப் போட்டுவிட்டேன். அதைத் திருத்த இரண்டு நாள் போனும் மின்னஞ்சலுமாக அலைந்தேன்.

அப்போதே வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவைத்தால் நல்லது. "நான் என்ன நோயாளியா?" என்று அத்தை முறுக்கிக்கொண்டார். "விமான நிலையம் ரொம்ப நீளம் அத்தை, கால் வலிய மிச்சம் பிடிச்சு சிராங்கூன் ரோட்டுல நடங்க" என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). நிராகரித்தாலும் திரும்ப வராது. முகவர் கட்டணம் தனி. வெள்ளைப் பின்னணியில் புது புகைப்படம் எடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

விசா கையில் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பிள்ளைகளுக்கும் தனித்தனியே. இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

படி 4: பெட்டி

பருப்புப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். ஊறுகாய், நெய், புளிக்காய்ச்சல், தேங்காய் எண்ணெய் போன்றவை 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான். கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் விமானத்தில் தடை.

வெற்றிலை போடுகிற பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சுருக்குப்பையை நீங்களே ஒருமுறை கொட்டிப் பாருங்கள். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை. சூயிங்கமும் 1992 முதல் கொண்டுபோக முடியாது. மகளின் பள்ளிப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இரண்டு கிடந்தன.

மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போடாமல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அங்கே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சுவர் பிளக் பிரிட்டிஷ் வகை, மூன்று தட்டைக் கம்பி. ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: எங்கே தங்குவது, எப்படிச் சுற்றுவது

நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதியில், அந்தப் பெயருள்ள ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் தங்கினோம். சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. டௌன்டவுன் பாதையில் அங்கிருந்து ஒரு திசையில் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா, எதிர்த் திசையில் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், அதாவது கரையோரப் பூந்தோட்டம். ரயில் மாற வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது, ஓட்டுநரும் கிடையாது. கணவர் முதல் பெட்டியின் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று சுரங்கத்தைப் பார்த்தபடி வந்தார்.

ரயிலில் கட்டணத்துக்கு ஆளுக்கு ஒரு கார்டு தட்ட வேண்டும். ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. 0.9 மீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ரயிலுக்குள் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். மகனுக்கு முறுக்கு கொடுக்க நான் டப்பாவைத் திறந்ததும், நான்கு மொழி எச்சரிக்கைப் பலகையில் தமிழைப் படித்துவிட்டு மகள்தான் என் கையைப் பிடித்தாள்.

படி 6: நேரக் கணக்கு

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது ஒரு வரம். அங்கே இரவு 8:45 என்றால் மகனின் உடம்புக்கு இன்னும் மாலை 6:15தான், கண் சொக்காது. காலையில் அவன் எழும்போது அங்கே மணி ஒன்பது. ஆகவே விடிகாலைத் திட்டமே போடாதீர்கள். அங்கே வருஷம் முழுக்க விடிவதே ஏழு மணி வாக்கில்தான்.

நாங்கள் பின்பற்றியது இது: காலையில் ஓர் இடம். மதியம் ஒன்றிலிருந்து நான்கரை வரை அறை, தூக்கம், அத்தை காலுக்குத் தைலம். மாலையில் ஓர் இடம். மதிய வெயிலும் திடீர் மழையும் நம் மேல் விழாது என்பது கூடுதல் லாபம்.

முதல் நாள் காலையில் இறங்கினோம். அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பில் விட்டுவிட்டு டேக்கா சந்தையில் இட்லி சாப்பிட்டோம். மாலை சிராங்கூன் சாலை. பூக்கடையைத் தாண்டி வீரமாகாளியம்மன் கோயில் வாசலுக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போகவில்லை. நடைபாதையில் வெறும் காலோடு நின்று, வலது கையால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அண்ணன் சம்பளம் வாங்குன அன்னைக்கு இங்க வந்து கும்பிட்டுட்டுதான் மணியார்டர் போடுமாம்." எங்களுக்கு இது எதுவும் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அன்றைய திட்டத்தில் இன்னோர் இடம் இருந்திருந்தால், நான் அவரை "வாங்க அத்தை, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

இரண்டாம் நாள் காலை தாவரவியல் பூங்கா. நுழைவு இலவசம், நிழலும் பெஞ்சும் நிறைய. யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். மாலை கரையோரப் பூந்தோட்டத்தில் மகள் கேட்ட மரங்கள்: 25 முதல் 50 மீட்டர் உயரத்துக்கு இரும்புச் சட்டத்தில் கொடி படர்ந்தவை. 7:45க்கும் 8:45க்கும் ஒளிக்காட்சி, பணம் கிடையாது. அரை மணி முன்னால் போய் ஒரு பழைய போர்வையை விரித்து எல்லோரும் மல்லாந்து படுங்கள். நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும்.

மூன்றாம் நாள் மண்டாய் விலங்குத் தோட்டம். உள்ளே டிராம் ஓடுவதால் அத்தைக்குச் சிரமமில்லை. ஒட்டகச்சிவிங்கி முன்னால் மகன் நாற்பது நிமிடம் நின்றான். நான்காம் நாளில் எதுவுமே போடவில்லை. அப்படி ஒரு நாளை விட்டுவையுங்கள். தங்கின இடத்துக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடி விளையாட்டுத் திடலில் மகள் அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை ஒன்றோடு சேர்ந்துகொண்டாள்.

படி 7: காபி சொல்லும் முறை

உணவங்காடியில் காபி கேட்டால் இனிப்பான சுண்டிய பாலோடு வரும். அத்தைக்குச் சர்க்கரை நோய். கடைக்காரச் சீனப் பெரியவர் சொல்லிக்கொடுத்த சொற்கள் இவை: "கோப்பி ஓ" என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும், "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும், பின்னால் "கோசோங்" சேர்த்தால் சர்க்கரையே இல்லை. மூன்றாம் நாள் அத்தை தானே போய் "கோப்பி சி கோசோங்" சொல்லி இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப் போய் வைக்க வேண்டும். அங்கே அது சட்டம்.

படி 8: ராத்திரி நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டும் பசையும் கொண்டுபோங்கள். தூங்குவதற்கு முன் பத்து நிமிடம், அன்றைய ரசீது, உதிர்ந்த இலை எதையாவது பிள்ளைகள் ஒட்டட்டும். பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். "அப்பாயி, உங்க அண்ணன் எங்க தங்குனாங்க?" என்று மகள் கேட்டாள். நான் கேட்டிருந்தால் அத்தை ஒரு வரியில் முடித்திருப்பார். பேத்தி கேட்டதால், கடிதம் வந்த நாள், அதை ஊரில் யார் படித்துக் காட்டினார்கள், மஞ்சள் பூப்போட்ட நைலக்ஸ் சேலை என்று பதினான்கு நிமிடம் பேசினார்.

ஊர் திரும்பிய அன்றைக்கே அந்தப் பதிவுகளை இன்னும் இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். பெட்டியைப் பிரிப்பதைக்கூட மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கணவரின் மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. பென் டிரைவ் சாமி அலமாரியில், அந்தக் காலித் தைலப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.