கீபோர்டு வைத்த பழைய ஆபீஸ் போன்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் செகண்ட் ஹேண்ட் போன் தேடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும், கல்ஃபிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து போட்ட பிளாக்பெர்ரியும் நோக்கியா இ வரிசை போனும் இன்னும் எங்காவது கண்ணில் படும், சிலதில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்திலேயே அரபி எழுத்தும் அச்சாகியிருக்கும். கையில் எடுத்தால் வைக்க மனசு வராது. கடைக்காரர் "அண்ணே, அந்தக் காலத்துல இது முப்பதாயிரம் ரூவா செட்டு" என்பார். அன்றைய விலை உங்களுக்கு எதற்கு? கேட்க வேண்டியது ஒன்றுதான், இது இன்னும் போனா, இல்லை கீபோர்டு மட்டுமா?

அதைத் தீர்மானிப்பது மாடல். போல்டு, கர்வ் போன்ற பழைய பிளாக்பெர்ரிகளுக்கும், பிளாக்பெர்ரி 10 என்ற சாப்ட்வேர் ஓடும் க்யூ10, கிளாசிக், பாஸ்போர்ட்டுக்கும் 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு நிறுவனம் தன் சேவையை நிறுத்திவிட்டது. இன்டர்நெட் மட்டுமல்ல, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் கூட இனி ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப் இதற்கெல்லாம் முன்பே, 2017 கடைசியில் போய்விட்டது. நோக்கியா இ71 மாதிரி சிம்பியன் என்ற பழைய சாப்ட்வேரில் ஓடும் போன்களுக்கும் அதே வருஷம்தான். ஆக, இவற்றை ஆசைக்கு வாங்கலாம், அலாரத்துக்கும் நோட்ஸுக்கும் வைத்துக்கொள்ளலாம், மெயின் போனாக நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டில் வந்த பிளாக்பெர்ரி ப்ரைவ், கீஒன், கீ2 வேறு ரகம். ப்ரைவ் ஆண்ட்ராய்டு 6-உடன் நின்றுவிட்டது, சூடும் ஆகும். கீஒன், கீ2 இரண்டும் 8.1 வரை. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பேட்ச் தேதியை ஒரு தடவை திறந்து பாருங்கள், பல வருஷம் பழையதாக இருக்கும். யுபிஐ ஆப் இன்றைக்கு ஓடினாலும் அதில் பேங்க் கணக்கை இணைக்க நான் சொல்ல மாட்டேன், அதற்கு வேறு போன் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சிம். உங்கள் சிம்மையே எடுத்துக்கொண்டு போங்கள், பழைய போன்களில் சிம் அளவு வேறாக இருக்கும், அடாப்டரும் பையில் இருக்கட்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, 4ஜியும் 5ஜியும்தான். அதனால் இ71-இல் ஜியோ சிம் போட்டால் ஒன்றுமே வராது. ஏர்டெல் 2020-இல் 3ஜியை மூடிவிட்டதால் இ71 மாதிரி போன்களுக்கு அதில் மிச்சமிருப்பது 2ஜி, பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் அது போதும். கீஒன், கீ2 என்றாலும் வெளிநாட்டுக்கு வந்த செட்டில் நம்மூர் 4ஜி பேண்ட் (அலைவரிசை) எல்லாம் இருக்கும் என்று சொல்ல முடியாது. டவர் கோடு முழுசாக நிற்கிறதே என்று திருப்திப்படாதீர்கள், 4ஜியில் இருக்கும்போதே ஒரு கால் போட்டுப் பேசிப் பாருங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் எல்லாப் போனுமே நன்றாகத்தான் பிடிக்கும், பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு இருந்தால் கடைக்காரரிடம் ஒரு நாள் டைம் கேட்டு வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

*#06# அடித்து ஐ.எம்.இ.ஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணை எடுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் அந்த 15 இலக்கம், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட் என்றோ டூப்ளிகேட் என்றோ பதில் வந்தால் பேரமே வேண்டாம், அங்கேயே கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கம்பெனி கொடுத்த போன் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு, பழைய முதலாளி போட்ட ஐ.டி பாலிசி என்ற கட்டுப்பாடு உள்ளேயே தங்கியிருக்கும், எதையும் இன்ஸ்டால் செய்ய விடாது. ஆண்ட்ராய்டு என்றால் பழைய கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்யச் சொல்லிப் பாருங்கள். "வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்றால் வாங்காதீர்கள்.

இப்போது கீபோர்டு. நோட்ஸைத் திறந்து குழித்துறை, இராஜாக்கமங்கலம், பூதப்பாண்டி, சுசீந்திரம், வடசேரி என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எஃப், க்யூ, டபிள்யூ, எக்ஸ் தவிர எல்லாம் வந்துவிடும், அந்த நான்கைத் தனியாக அடித்துக்கொள்ளலாம். ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழுகிறதா, அழுத்தும்போது டிக் என்று மேலே வராமல் சோர்ந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். ஸ்பேஸும் பேக்ஸ்பேஸும்தான் முதலில் தேயும். கையைக் குவித்து மூடி உள்ளே பார்த்தால் எந்தக் கட்டைக்கு அடியில் லைட் எரியவில்லை என்பது தெரிந்துவிடும். கீஒன், கீ2-இல் கட்டைகள் மேலேயே விரலைத் தேய்த்து ஸ்க்ரோல் செய்யலாம், கைரேகை சென்சார் ஸ்பேஸ் கட்டையில் இருக்கிறது, இரண்டையும் சோதியுங்கள். பழைய போல்டு, கர்வ் என்றால் ஹோம் ஸ்கிரீனில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டே என், எம், எல், எல் அடியுங்கள், டவர் கோடு எண்ணாக மாறும். சிக்னலும் தெரிந்தது, ஆல்ட் கட்டை வேலை செய்வதும் தெரிந்தது. தமிழ் அடிக்க வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கட்டையில் இருப்பது ஆங்கிலம், பெரும்பாலும் தொடுதிரைக் கீபோர்டைத் திறக்க வேண்டிவரும், அந்தச் சின்னத் திரையில் பாதி அதிலேயே போய்விடும்.

கடற்கரை ஊர்ச் செட்டு என்றால் சார்ஜிங் பின்னுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும், அது போர்டு வரை போயிருந்தால் செலவு செய்து பிரயோஜனம் இல்லை. பேட்டரி கழற்றும் மாடலில் தண்ணீர் பட்டால் சிவக்கும் ஸ்டிக்கர் இருக்கும். ஆனால் இரண்டு பருவமழையும் வாங்கும் ஊரில் ஈரக்காற்றுக்கே அது லேசாக நிறம் மாறலாம், அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம், பக்கத்துத் திருகில் துருவும் இருந்தால் ஒதுக்குங்கள். கீஒன்னில் டிஸ்ப்ளே பசை போதாமல் திரை தூக்கிக்கொண்டு வந்த குறை 2017-லேயே பேசப்பட்டது, ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்.

பேட்டரியை மேஜையில் வைத்துச் சுழற்றிவிடுங்கள், பம்பரமாகச் சுற்றினால் உப்பிவிட்டது. இ71-க்கான பிபி-4எல், க்யூ10-க்கான என்எக்ஸ்1 என்று புதிதாகக் கிடைப்பதில் போலி நிறைய, அதனால் கடைக்காரர் "பேட்டரி ஈஸியா கிடைக்கும்" என்றால் அதையும் அவரையே வாங்கிப் போட்டுத் தரச் சொல்லி, அப்புறம் விலை பேசுங்கள்.