சாம்பார் ஏன் சைவத்தில் சேரவில்லை? புரோட்டிஜேயில் வகைப்படுத்தல்

புரோட்டிஜே என்பது பொருள்களை வகுப்புகளாகப் (ஒரே வகையானவற்றின் தொகுப்பு) பிரித்து, அவற்றின் உறவுகளை எழுதிவைக்கும் மென்பொருள். எந்த வகுப்பு எதன் கீழ் வரும் என்பதை நாம் கையால் அடுக்காமல், வரையறைகளைப் பார்த்து ரீசனரே (எழுதியவற்றிலிருந்து முடிவுகளை வருவிக்கும் நிரல்) அடுக்குவதுதான் வகைப்படுத்தல். புரோட்டிஜே 5-உடன் ஹெர்மிட் ரீசனரும் சேர்ந்தே வரும்.

படி 1: உணவு, பொருள் என இரண்டு வகுப்புகள். பொருளின் கீழ் அசைவப்பொருள், தாவரப்பொருள். முன்னதில் மீன், பின்னதில் துவரம்பருப்பு, புளி, கத்தரிக்காய். உணவின் கீழ் மீன்குழம்பு, சாம்பார். பெயர்களில் இடைவெளி விடாதீர்கள், அடிக்கோடு போடுங்கள்.

படி 2: 'சேர்பொருள்' என்று ஓர் ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டி, அதாவது இரண்டை இணைக்கும் உறவு. மீன்குழம்புக்கு 'சப்கிளாஸ் ஆஃப்' பகுதியில் "சேர்பொருள் சம் மீன்", அதாவது சேர்பொருள்களில் ஒன்றாவது மீன். சாம்பாருக்கு இதேபோல் மூன்று வரிகள், பொருளுக்கு ஒன்றாக.

படி 3: அசைவ_உணவு வகுப்பில் "உணவு அண்ட் (சேர்பொருள் சம் அசைவப்பொருள்)". இதை 'எக்விவலன்ட் டு' பகுதியில்தான் எழுத வேண்டும். 'சப்கிளாஸ் ஆஃப்'-இல் எழுதினால் அது நிபந்தனை மட்டுமே, வரையறை ஆகாது. அதன் கீழ் எதுவும் வந்து சேராது. ரீசனரை ஓடவிட்டால் மீன்குழம்பு தானாக இடம் மாறும்.

படி 4: சைவ_உணவு: "உணவு அண்ட் நாட் (சேர்பொருள் சம் அசைவப்பொருள்)". ரீசனரை சிங்க்ரனைஸ் செய்தாலும் சாம்பார் வராது. தரவுத்தளத்தில் பதிவு இல்லையென்றால் 'இல்லை' என்று பொருள். ஆனால் இங்கே சொல்லாதது 'தெரியாது' மட்டுமே. சாம்பாரில் கருவாடு கிடையாது என்று நாம் எங்கும் சொல்லவில்லையே. எனவே இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். ஒன்று, சாம்பாரில் "சேர்பொருள் ஒன்லி (துவரம்பருப்பு ஆர் புளி ஆர் கத்தரிக்காய்)", அதாவது இவை தவிர வேறெதுவும் சேராது. மற்றொன்று, தாவரப்பொருளும் அசைவப்பொருளும் 'டிஸ்ஜாயிண்ட்', அதாவது இரண்டிலும் சேர்ந்தது எதுவும் இல்லை. எது விடுபட்டாலும் சாம்பார் நகராது.

அந்த 'ஆர்' முக்கியம். பேச்சுவழக்கில் "பருப்பும் புளியும்" என்போம். அதை நம்பி 'அண்ட்' போட்டால், ஒவ்வொரு சேர்பொருளும் ஒரே நேரத்தில் பருப்பாகவும் புளியாகவும் இருக்க வேண்டும் என்று பொருளாகும். அவை டிஸ்ஜாயிண்டாக இருந்தால் சாம்பாரின் பெயர் திரையில் சிவப்பாகிவிடும்: அப்படியொரு உணவு இருக்கவே முடியாது.

இன்னொரு பொறி, டொமைன், அதாவது ஓர் உறவு எந்த வகுப்பிலிருந்து தொடங்கும் என்ற குறிப்பு. சேர்பொருளின் டொமைன் 'உணவு' என்று வைத்தால் அது தவறான பதிவைத் தடுக்காது. பொருளின் கீழ் வைத்த சாம்பார்பொடிக்கும் மிளகாய், மல்லி என்று சேர்பொருள் கொடுத்தீர்களானால் பொடியும் உணவாக வகைப்படும். உணவும் பொருளும் டிஸ்ஜாயிண்ட் என்றால் பொடியும் சிவப்புதான். தொடக்கத்தில் டொமைனை வெறுமையாகவே விடுங்கள்.