ரஷ்ய பாலே போஸ்டரா? படத்தைக் கடைசியில் பாருங்கள்

பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. ரஷ்ய பாலே போஸ்டர் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் அதைக் குப்புறப் போடுவேன். கொண்டுவந்தவர் முகம் சுருங்கும். பின்பக்கம், ஓரம், எழுத்து எல்லாம் பார்த்த பிறகுதான் படம். காரணம் எளிது: படம் மயக்கும், வருஷம் சொல்லாது. இந்த நடனக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றின. ஒரு படம் எடுபட்டால் எழுத்தை மாற்றி மறுபடி அதையே அச்சிட்டார்கள்.

பிரெஞ்சுக் கவிஞரும் ஓவியருமான ழான் கொக்தோ வரைந்த ஜோடிப் போஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ரோஜாவின் ஆவியாக ஆடும் நிஜின்ஸ்கி, இன்னொன்றில் அவரோடு ஆடிய கர்சாவினா. 'ரோஜாவின் ஆவி' என்ற அந்த பாலே 1911 ஏப்ரல் 19 அன்று மான்டி கார்லோவில் அரங்கேறியது. போஸ்டரும் அதற்காக வந்ததுதான். 1913இல் பாரிஸில் ஷான்ஸெலிஸே தியேட்டர் புதிதாகத் திறந்தபோது அதே படங்கள் மறுபடி சுவரேறின. "ரோஜா வேஷம் இருக்கிறதே, அப்போ 1911தான்" என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தியேட்டர் பெயர் அச்சாகியிருக்கிறது?

சரி, பின்பக்கம். துணி ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். பருத்தித் துணியில் மாவுப்பசையால் ஒட்டிக் காப்பது போஸ்டர் உலகில் பழைய வழக்கம். துணி இல்லாவிட்டால் மடிப்புத் தடம் தெரிகிறதா பாருங்கள். பெரிய போஸ்டர்கள் மடித்துத்தான் ஊருக்கு ஊர் போயின, அதனால் மடிப்பு இருப்பது குறையல்ல.

அறையை இருட்டாக்கி, புற ஊதா டார்ச்சை அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வு ரசாயனம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950களில். அதற்கு முந்தைய காகிதம் மங்கலாக, பழுப்பாகத்தான் தெரியும். முழுத் தாளும் நீலவெள்ளையாகப் பளீரென்றால் 1909ஆம் வருஷத்துப் போஸ்டர் என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். துண்டு துண்டாக ஒளிர்ந்தால் அது பின்னாளில் வைத்த ஒட்டு. துணி மட்டும் ஒளிர்ந்து முகப்பு ஒளிரவில்லையா? துணி புதிது, அவ்வளவுதான். ஒளிரவே இல்லை என்பதால் மட்டும் பழசு என்று முடிவு கட்டாதீர்கள். ரசாயனம் சேர்க்காத காகிதம் இன்றும் கிடைக்கிறது.

அடுத்தது பத்து மடங்கு லென்ஸ். இங்கே அவசரப்படாதீர்கள், பாதி வழக்கு இங்கேதான் தீரும். ஆடுபவரின் கன்னத்திலோ கையிலோ வெளிறிய நிழல் விழும் இடத்தில் லென்ஸை வையுங்கள். கல்லச்சில், அதாவது லித்தோவில், கொழுப்பு கலந்த கோலால் கல்லின் மேலோ துத்தநாகத் தகட்டின் மேலோ வரைகிறார்கள். அதனால் நிழல், ஒழுங்கில்லாத பொரிபொரியான துணுக்குகளாகத் தெரியும்; இரண்டு துணுக்கு ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு நிறமும் தனிக் கல்லில் இருந்து வருவதால், இரண்டு நிறம் சந்திக்கும் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அல்லது நடுவே வெறும் காகிதம் எட்டிப்பார்க்கும். பின்னாளைய ஆஃப்செட் மறுபதிப்பில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்ன வட்டமாகக் கூடியிருக்கும். பிறகு லென்ஸை எழுத்துக்கு நகர்த்துங்கள். எழுத்தின் விளிம்பே புள்ளியால் ஆனதாக இருந்தால், அது போஸ்டரைப் புகைப்படம் எடுத்து அச்சடித்தது. ஒரு விலக்கு: புகைப்படம் வைத்தே செய்த போஸ்டர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. புகைப்படத்தில் புள்ளி இருக்கலாம். கையால் வரைந்த கோட்டிலும் எழுத்திலும் இருந்தால்தான் சிக்கல்.

இப்போது ஓரத்துக்கு வருவோம். பிரான்சில் 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டப்படி பொதுவில் வெளியாகும் அச்சுப் பொருளில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். பொடி எழுத்தில், கீழ்விளிம்பிலோ பக்கவாட்டிலோ இருக்கும். அதைக் காணவில்லை என்றால் விளிம்பை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடக்க ஓரத்தை நறுக்கிவிடும் புண்ணியவான்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அதே பத்திரிகைச் சட்டத்தில் இன்னொரு சுவையான விதி: வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து அரசாங்க அறிவிப்புக்கு மட்டுமே. ஆகவே படமில்லாத, எழுத்து மட்டும் உள்ள பாரிஸ் நாடகச் சுவரொட்டிகள் மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று வண்ணத் தாளில் வந்தன. உங்கள் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் வெளிச்சம் படாத மடிப்பு உட்புறத்தைப் பாருங்கள். பழைய நிறம் அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

எழுத்துக்கு வந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். இந்தச் சுவரொட்டிகள் பலவற்றில் வருஷம் இருக்காது. கிழமையும் தேதியும் மட்டும்தான். அதுவே போதும். "புதன், மே 19, ஷாட்லே தியேட்டர்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் மே 19 புதன்கிழமையாக வந்த வருஷங்கள் 1909, 1915, 1920, 1926. 1915 மேயில் போர் நடக்கிறது, ரஷ்ய பாலே குழுவை நடத்திய தியாகிலெவும் அவர் குழுவும் பாரிஸில் இல்லை. 1920 மேயில் குழு பாரிஸில்தான் இருந்தது, ஆனால் ஓபரா அரங்கில் ஆடியது; 1926இல் ஆடியது சாரா பெர்னார் தியேட்டரில். மிஞ்சுவது 1909, தியாகிலெவ் பாரிஸுக்கு பாலேயைக் கொண்டுவந்த முதல் சீசனின் தொடக்க நாள். இதற்குத் தியேட்டர் வரிசையை மனதில் வைத்திருக்க வேண்டும்: பாரிஸில் 1909 ஷாட்லே, 1910 ஓபரா, 1911உம் 1912உம் மறுபடி ஷாட்லே, 1913 ஷான்ஸெலிஸே, 1914 ஓபரா. கடைசி வருஷங்களில் சாரா பெர்னார் தியேட்டர்.

பெயர்களும் சாட்சி சொல்லும். நிஜின்ஸ்கி 1913 செப்டம்பரில் புவனோஸ் ஐரஸில் கல்யாணம் செய்துகொண்டார், தியாகிலெவ் அவரை நீக்கினார். 1914 பாரிஸ் சீசனில் அவர் இல்லை. 1916இல் அமெரிக்கப் பயணத்துக்காகத் திரும்பினார். 1917க்குப் பிறகு குழுவில் ஆடவே இல்லை. ஆக, 1920களின் சுவரொட்டி என்று சொல்லி அதில் ஆடுபவர் பட்டியலில் நிஜின்ஸ்கி இருந்தால் நம்பாதீர்கள். அக்காலப் பிரெஞ்சு அச்சில் தியாகிலெவ் பெயர் பெரும்பாலும் 'டபிள்யூ'வில் முடியும் என்பதையும் கவனியுங்கள்.

குழுப் பெயரில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். தியாகிலெவ் 1929 ஆகஸ்டில் வெனிஸில் இறந்ததோடு அவர் குழு கலைந்தது. கர்னல் டி பாசில், ரெனே ப்ளும் இருவரும் மான்டி கார்லோ பெயரில் புதுக் குழு தொடங்கியது 1932இல். அது பிளந்து, அமெரிக்காவைச் சுற்றிய மற்றொரு மான்டி கார்லோ குழு 1938இல் வந்தது. "பாலே ரூஸ் (பிரெஞ்சில் ரஷ்ய பாலே), மான்டி கார்லோ" என்ற சொற்களைக் கண்டதும் 1911க்குத் தாவாதீர்கள். டி பாசில் பெயர் எங்காவது இருந்தால் அது முப்பதுகளோ அதற்குப் பிறகோதான்.

ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவா தனிக் கதை. 1909 சீசனுக்கு ரஷ்ய ஓவியர் வாலன்டின் செரோவ் வரைந்த போஸ்டரில் இருப்பது அவர்தான்: நீலச் சாம்பல் பரப்பில் கரிக்கோடும் வெள்ளையுமாக, விரல் நுனியில் நிற்கும் ஒற்றை உருவம். என் கண்ணுக்கு இந்த வகையிலேயே இதுதான் ராணி; கொக்தோ ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வேடிக்கை என்னவென்றால், பாரிஸ் சுவரெல்லாம் அவர் இருக்க, அவரே சீசன் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தார். பின்னர் சொந்தக் குழுவோடு 1931இல் சாகும்வரை உலகம் சுற்றினார். 1922இல் தொடங்கிய பயணத்தில் ஜப்பான், சீனா, இந்தியா எல்லாம் வந்தன. இப்படிச் சுற்றும் குழுக்களின் போஸ்டரில் ஊர் பெயருக்கு வெற்றிடம் விட்டு மொத்தமாக அச்சிடுவதும், உள்ளூர் அச்சகம் தியேட்டரையும் தேதியையும் தனி மையில் ஏற்றுவதும் உண்டு. லென்ஸில் பார்த்தால் ஈய எழுத்து காகிதத்தை அழுத்திய பள்ளம் தெரியும். இரண்டு கை, இரண்டு மை. அதைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தால், பயன்படாமல் மீந்த பிரதி.

இதெல்லாம் ஒத்துவந்த பிறகு படத்தை ஆசை தீரப் பாருங்கள்.

மாட்டுவதானால் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, இடையே பட்டி வைக்கச் சொல்லுங்கள். அமிலமில்லாத அட்டை, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, 50 லக்ஸைத் தாண்டாத வெளிச்சம். லேமினேஷன் பேச்சே வேண்டாம். பழைய செல்லோடேப் ஒட்டியிருந்தால் நகத்தால் உரிக்காதீர்கள். மையும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே தட்டையாக இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, காகிதம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.